இரண்டு மலை, ஒரு டிக்கெட்

கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து வடக்கே 120 கிலோமீட்டர் தூரத்தில், ஃபிட்ஸிம்மன்ஸ் என்ற ஓடை இரண்டு மலைகளைப் பிரித்துக்கொண்டு இறங்கி வருகிறது. ஒரு பக்கம் விஸ்லர், மறுபக்கம் பிளாக்கோம். இரண்டுக்கும் அடிவாரம் ஒரே ஊர்தான். 1980களில் அந்த ஊரில் இரவு தங்கியவர் காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஓடைக்கு எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வார். இரண்டு மலைகளும் இரண்டு கம்பெனிகளின் கையில் இருந்தன; இரண்டும் ஒன்றின் வாடிக்கையாளரை மற்றொன்று இழுக்கப் பார்த்தன. இன்று அதே ஊரில் வந்து இறங்குபவர் தன் முடிவைப் பல மாதங்களுக்கு முன்பே, பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில், வீட்டில் கணினியின் முன்னால் உட்கார்ந்து எடுத்திருப்பார். அப்போது அவர் தேர்ந்தெடுத்தது மலையைக்கூட அல்ல, ஒரு சீசன் பாஸை.

பனிச்சறுக்குத் தலம் ஒன்று உண்மையில் எதை விற்கிறது என்று பார்த்தால் இந்தக் கதை எளிதாகப் புரியும். பனி தானாக விழுகிறது. மலை இங்கே அரசு நிலம். இறங்குவது அவரவர் கால்பாடு. விற்பனைக்கு இருப்பது ஏற்றம் ஒன்றுதான். அதனால் இரண்டு தலங்களில் எதற்குப் போகலாம் என்று யோசிப்பவர் முதலில் லிஃப்டுகளைத்தான் ஒப்பிடுவார்: எவ்வளவு உயரம் கொண்டுபோய் விடும், எத்தனை நிமிடம் ஆகும், கீழே வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும். விஸ்லர், பிளாக்கோம் இரண்டின் அறுபது வருட வரலாற்றிலும் பாதி லிஃப்டுகளின் வரலாறுதான்.

1960க்கு முன்பு இங்கே லிஃப்டும் இல்லை, விஸ்லர் என்ற ஊரும் இல்லை. ஸ்க்வாமிஷ், லில்வாட் என்ற இரு பூர்வகுடிகளின் நிலங்கள் சந்திக்கும் பள்ளத்தாக்கு இது. 1914இல் ரயில் வந்தது. அதே ஆண்டில் அலெக்ஸ், மிர்டில் ஃபிலிப் தம்பதியர் ஆல்டா ஏரிக்கரையில் ரெயின்போ லாட்ஜ் என்ற விடுதியைத் திறந்தார்கள். வான்கூவர்க்காரர்கள் ஸ்க்வாமிஷ் வரை கப்பலில் வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து, மீன் பிடிக்க வருவார்கள். கோடையில்தான் கூட்டம். குளிர்காலம் ஊருக்கு ஓய்வுக்காலம். இன்றைய விஸ்லரில் ஹோட்டல் அறை வாடகை உச்சத்துக்குப் போகும் பருவம் அது.

1960இல் கலிஃபோர்னியாவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த வான்கூவர்க்காரர்கள் சிலருக்கு, 1968 போட்டியை நம் பக்கம் கொண்டுவந்தால் என்ன என்று ஆசை வந்தது. நார்வேயில் பிறந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம்சென் தலைமையில் ஒரு லிஃப்ட் கம்பெனி உருவாயிற்று. அதுவரை வரைபடத்தில் லண்டன் மலை என்று இருந்ததை 1965இல் விஸ்லர் என்று மாற்றினார்கள். மேலே வாழும் மார்மட் என்ற பருத்த மலை அணில் ஆபத்து கண்டால் சீழ்க்கை அடிக்கும். அதை வைத்து வந்த பெயர். லண்டன் என்றால் மூடுபனியும் தூறலுமே நினைவுக்கு வரும், விளம்பரத்துக்கு உதவாது என்ற கணக்கும் அதில் இருந்தது. (மூடுபனியும் தூறலும் பெயர் மாறியதால் ஊரை விட்டுப் போய்விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.) 1968 ஒலிம்பிக் பிரான்சின் கிரனோபிளுக்குப் போனது. ஆனால் லிஃப்டுகள் தயாராகிவிட்டன. 1966 ஜனவரியில் மலை திறந்தது.

அன்று இருந்தது நால்வர் உட்காரும் ஒரு கொண்டோலா (கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் மூடிய பெட்டி), இருவர் உட்காரும் ஒரு நாற்காலி லிஃப்ட், இரண்டு டி-பார்கள். டி-பார் என்றால் கவிழ்த்த டி எழுத்தின் வடிவிலான கட்டை. அதைப் பின்புறத்தில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றால் கம்பிவடம் மேலே இழுத்துச் செல்லும், சறுக்குமட்டை பனியிலேயே உரசிக்கொண்டு போகும். இன்று இரு மலைகளிலும் சேர்த்து முப்பதுக்கு மேற்பட்ட லிஃப்டுகள், இருநூறுக்கு மேற்பட்ட சறுக்குத் தடங்கள், 8,171 ஏக்கர் பரப்பு. அந்தப் பழைய கொண்டோலா ஏறிய கிரீக்சைடில் 1996இல் அறுவர் ஏறும் கொண்டோலா வந்தது. 2022இல் எண்மர் ஏறும் கொண்டோலா. சாலையும் அப்படித்தான் மாறிற்று. 1960களில் கரடுமுரடான பாதையில் பனியோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார்கள். 2010 ஒலிம்பிக்கை முன்னிட்டு ஏறத்தாழ 60 கோடி டாலர் செலவில் அந்த நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டது. அதன் பெயர்ப்பலகைகளில் இப்போது ஸ்க்வாமிஷ், லில்வாட் மக்களின் மொழிகளிலும் ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன. 1966இல் அப்படி ஒரு பலகையை எவரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் பதினான்கு ஆண்டுகள் தேர்வு என்ற பேச்சே எழவில்லை, இருந்தது ஒரு மலை. 1975இல் மாகாண அரசு விஸ்லரைத் தனி நகராட்சியாக்கியது. ஊருக்கு நடுவில் ஒரு கடைத்தெரு வேண்டும் என்று இடம் தேடியபோது அமைந்தது இரண்டு மலைகளின் அடிவாரமும் சந்திக்கும் மேடு. அதுவரை அங்கேதான் ஊர்க்குப்பையைக் கொட்டிவந்தார்கள். கொலராடோவின் வேல் நகர அமைப்பில் பணியாற்றிய எல்டன் பெக் என்ற நிலவடிவமைப்பாளரை அழைத்துவந்து, கார்கள் நுழையாத, நடந்தே சுற்றக்கூடிய ஊரை வரைந்தார்கள். இன்று அங்கே காப்பிக் கோப்பையோடு நடப்பவர் காலடியில் பழைய குப்பைமேடு இருக்கிறது.

அடுத்த மலை 1980 டிசம்பர் 4 அன்று திறந்தது. பிளாக்கோமின் பின்னால் இருந்தவர்கள் இருவர்: கொலராடோவின் ஆஸ்பென் பனிச்சறுக்கு கம்பெனி, கனடா அரசின் தொழில் வளர்ச்சி வங்கி. நடத்த வந்தவர் ஹியூ ஸ்மைத். இவர் 1966இல் விஸ்லர் மலையில் மீட்புக் காவலராக வேலையைத் தொடங்கியவர். ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய், தான் வளர்ந்த மலைக்கே போட்டியாக ஒரு மலையைக் கட்டினார். விஸ்லரும் சும்மா இருக்கவில்லை. அதே 1980இல், புதிய ஊரிலிருந்தே ஏறும்படி தன் வடக்குச் சரிவில் லிஃப்டுகளை வரிசையாகப் போட்டது. ஒரே கடைத்தெருவிலிருந்து இரண்டு மலைகளுக்கும் ஏறலாம் என்ற நிலை அந்தக் குளிர்காலத்தில்தான் வந்தது.

அடுத்த பத்து வருடங்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது, வாடிக்கையாளர்களைப் பார்த்து. 1985இல் பிளாக்கோம், வேறொரு தலத்தில் பயன்படுத்திய பழைய டி-பார் ஒன்றை வாங்கிவந்து செவன்த் ஹெவன் என்ற உச்சிச் சரிவில் நட்டது. அதோடு அதன் செங்குத்து இறக்கம் 1,609 மீட்டர் ஆயிற்று, அதாவது சரியாக ஒரு மைல். விஸ்லரின் இறக்கம் 1,530 மீட்டர். மைல் உயர மலை என்று பிளாக்கோம் விளம்பரம் செய்தது. மறு வருடமே விஸ்லர் தன் சிகரத்துக்கே நாற்காலி லிஃப்ட் போட்டது. அதுவரை உச்சிக்குப் போக விரும்பியவர்கள் மட்டைகளைத் தோளில் சுமந்து நடந்தே ஏறியிருந்தார்கள். 1987இல் பிளாக்கோம் ஒரே மூச்சில் மூன்று அதிவேக நாற்காலி லிஃப்டுகளை இறக்கியது. பழைய வகை நாற்காலி நொடிக்கு இரண்டரை மீட்டர் நகரும்; புதியது ஐந்து மீட்டர், ஆனால் ஏறும் இடத்தில் வடத்திலிருந்து கழன்று மெதுவாக நகரும். விஸ்லர் 1988இல் பத்துப் பேர் உட்காரும் கொண்டோலாவை ஊரிலிருந்தே மேலே விட்டது. ஒருவர் செய்ததற்கு அடுத்த குளிர்காலத்திலேயே எதிரே பதில் வந்தது.

இரண்டில் எது என்ற கேள்விக்கு அன்று உண்மையான பதில்கள் இருந்தன. விஸ்லர் மூத்தது, உள்ளூர்க்காரர்களின் மலை. உச்சியில் குழிந்த அகலமான பனிச்சரிவுகள், வளைந்து நெளிந்து இறங்கும் தடங்கள். பிளாக்கோம் புதியது. நேராகக் கீழே விழும் தடங்கள், குடும்பத்தோடு வருபவர்களைக் கவரும் உபசரிப்பு. ஸ்னோபோர்டு என்ற ஒற்றைப் பலகையோடு வந்த இளைஞர்களுக்கு முதலில் கதவைத் திறந்ததும் பிளாக்கோம்தான். விஸ்லர் பிறகுதான் இறங்கிவந்தது. தந்தை விஸ்லர் கட்சி, மகன் பிளாக்கோம் கட்சி என்று ஒரு வீட்டுக்குள் பிரிவு வருவதற்குப் போதுமான காரணம் அது. இரண்டு மலைகளுக்கும் பொதுவான டிக்கெட்டும் கிடைத்தது. ஆனால் அதை வாங்கியவரும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அடிவாரம் வரை இறங்கி, மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். அரை நாள் வீணாகும் என்பதால் காலையில் எடுத்த முடிவோடேயே பலரும் மாலைவரை இருந்தார்கள்.

அந்தப் போட்டிக்காலத்தைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. 1980களின் தொடக்கத்தில் வட்டி விகிதம் ஏறியபோது ஊரில் பாதிக் கட்டடங்கள் அரைகுறையாக நின்றன. மாகாண அரசு கைகொடுத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு கம்பெனிகள் லிஃப்டுக்கு லிஃப்ட் பதில் சொல்லிக்கொண்டே இருப்பது காசுள்ளவரை நடக்கும் விளையாட்டு. பிளாக்கோமை 1986இல் இன்ட்ராவெஸ்ட் என்ற வான்கூவர் நிலவணிகக் கம்பெனி வாங்கியது. அடுத்த பத்து ஆண்டுகளில் அதன் கை ஓங்கியது. 1997இல் விஸ்லர் மலையும் அதனோடு சேர்ந்தது. அதற்கு முப்பது வருடங்களுக்கு மேல் முன்பே வில்ஹெல்ம்சென் தொடங்கிய கம்பெனி, ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தம்பியின் வீட்டில் குடியேறிற்று என்று சொல்லலாம்.

போட்டி முடிந்த பிறகு வந்த மிகப் பெரிய கட்டுமானம் இரண்டு மலைகளையும் இணைத்தது. 2008 டிசம்பர் 12 அன்று பீக் டு பீக் கொண்டோலா ஓடத் தொடங்கியது. விஸ்லரின் மேல்மட்டத்திலிருந்து பிளாக்கோமின் மேல்மட்டத்துக்கு 4.4 கிலோமீட்டர், பதினோரு நிமிடம். நடுவில் 3.024 கிலோமீட்டர் தூரத்துக்குத் தூணே இல்லை. ஓடைக்கு மேலே 436 மீட்டர் உயரத்தில் பெட்டி தொங்கிக்கொண்டு போகும். தூணில்லா நீளத்தில் அது அன்று உலக சாதனை. 2017இல் ஜெர்மனியின் சுக்ஸ்பிட்சே மலையில் 3.2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவடம் கட்டி அதை முந்திவிட்டார்கள். ஒரு பெட்டியில் 28 பேர், மொத்தம் 28 பெட்டிகள். அவற்றில் இரண்டுக்கு மட்டும் தரையில் கண்ணாடி. அடிவாரம் வரை இறங்கி ஏறிய அரை நாள், பதினோரு நிமிடமாகச் சுருங்கியது. ஒரே கம்பெனி கையில் இருந்திராவிட்டால் இதைக் கட்டியிருக்கவே முடியாது. தன் உச்சியிலிருந்து போட்டிக்காரனின் உச்சிக்கு வாடிக்கையாளரைக் கொண்டுபோய் விடும் வண்டிக்கு எந்த முதலாளி பணம் போடுவான்?

இதில் லாபம் யாருக்கு என்று கேட்டால் என் பதில்: அன்றாடம் சறுக்குபவருக்கு நிச்சயமாக லாபம். காலையில் வெயில் படும் சரிவு ஒரு மலையில், மதியம் நல்ல பனி மறுமலையில் என்று ஒரே நாளில் இரண்டையும் அனுபவிக்கலாம். 2010 ஒலிம்பிக்கில் ஆல்பைன் பந்தயங்கள் விஸ்லரின் கிரீக்சைடிலும், பனிவண்டிப் பந்தயங்கள் பிளாக்கோமின் சரிவிலும் நடந்தன. 1968க்கு ஆசைப்பட்டது நாற்பத்திரண்டு வருடம் தாமதமாகக் கிடைத்தபோது இரண்டு மலைகளும் சேர்ந்தே அதை வாங்கிக்கொண்டன.

விலை விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2016இல் அமெரிக்காவின் வேல் ரிசார்ட்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 140 கோடி கனடா டாலருக்கு இரண்டு மலைகளையும் சேர்த்து வாங்கியது. 2008இல் அந்த நிறுவனம் தொடங்கிய, அதன் பல தலங்களுக்கும் பொதுவான எபிக் பாஸ் விஸ்லருக்கும் வந்தது. அதன் ஏற்பாடு சுருக்கமானது. வசந்தத்திலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை பாஸ் விற்பார்கள். முன்கூட்டி வாங்குபவருக்கு விலை குறைவு. பிறகு விற்பனையை மூடிவிடுவார்கள். அதன்பின் வருபவர் அன்றாட டிக்கெட்தான் வாங்க வேண்டும், நெரிசலான நாட்களில் அது 200 கனடா டாலரைத் தாண்டும். பருவம் முழுக்கப் பல நாள் சறுக்குபவருக்குப் பழைய காலத்தைவிட ஒரு நாள் செலவு இப்போது குறைவாகக்கூட அமையும். வெள்ளிக்கிழமை இரவு பனி கொட்டியதைக் கேள்விப்பட்டுச் சனிக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு வரும் வான்கூவர்க்காரருக்குத்தான் அடி. ஒரு காலத்தில் இரண்டு கவுண்டர்களும் போட்டிபோட்டு வரவேற்ற மனிதர் அவர். மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு தள்ளிப்போடுவது அவருடைய உரிமையாக இருந்தது. இப்போது விலை குறைவாக வேண்டுமென்றால், பனி விழுமா என்பது வானத்துக்கே தெரியாத செப்டம்பரில் அவர் பணத்தைக் கட்டிவிட வேண்டும்; பனி பொய்த்தால் நஷ்டம் அவர் பையிலிருந்து.

போட்டி ஒழிந்துவிட்டதா என்றால், பள்ளத்தாக்கை விட்டுக் கண்டத்துக்குப் போயிருக்கிறது. எபிக் பாஸுக்கு எதிராக நிற்பது ஐகான் பாஸ். அதை நடத்தும் ஆல்டெரா நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர் ஆஸ்பெனின் சொந்தக்காரக் குடும்பம். அதாவது 1980இல் பிளாக்கோமைத் திறந்துவைத்த அதே ஆஸ்பென், இன்று வேறு கைக்குப் போய்விட்ட பிளாக்கோமுக்கு எதிரணியில் நிற்கிறது. அன்று ஒரு ஓடையைத் தாண்டினால் போட்டிக்காரன். இன்று மாற்று மலைக்குப் போக விமானம் ஏற வேண்டும்.

ஊர்க்காரர்களின் வாழ்க்கையும் இதோடு மாறியது. 1970களில் இங்கே வேலை செய்த இளைஞர்கள் பலர் காட்டுக்குள் கைவிடப்பட்ட குடில்களில் வாடகையின்றிக் குடியிருந்தார்கள். டோட் ஹால் என்று அவர்கள் அழைத்த பழைய வீட்டின் முன்னால், 1973இல் ஒரு கும்பல் சறுக்குக் காலணியும் மட்டையும் தவிர வேறெதுவும் அணியாமல் நின்று எடுத்துக்கொண்ட படம் சுவரொட்டியாக ஊர் ஊராகப் போயிற்று. 2021 கணக்கெடுப்பில் விஸ்லரின் நிரந்தர மக்கள்தொகை 13,982. லிஃப்ட் இயக்குபவருக்கும் சமையற்காரருக்கும் கட்டுப்படியாகும் வீடு கிடைப்பதே இன்று ஊரின் பெரிய தலைவலி. அதற்கென்று நகராட்சி ஒரு வீட்டுவசதி அமைப்பையே ஏற்படுத்தியது, மலைகள் இணைந்த அதே 1997இல். குடில்வாசிகளின் கூரை ஒழுகியிருக்கும், குளிர் எலும்பைத் துளைத்திருக்கும். ஆனாலும் மலையடியில் வாழக் காசு தேவைப்படாத காலம் ஒன்று அங்கே இருந்தது.

பனியின் கணக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து 675 மீட்டர்தான். பசிபிக் பெருங்கடல் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே ஊரில் மழையும் உச்சியில் பனியும் ஒரே நேரத்தில் விழுவது 1966இலும் உண்டு, இன்றும் உண்டு. மழை எந்த உயரத்தில் பனியாக மாறுகிறது என்பதுதான் நாளைத் தீர்மானிக்கும். பிளாக்கோமின் ஹார்ஸ்ட்மன் பனியாற்றில் ஒரு காலத்தில் ஜூன், ஜூலையிலும் மக்கள் சறுக்கினார்கள். பயிற்சி முகாம்கள் கோடையில் களைகட்டின. பனியாறு சுருங்கிச் சுருங்கி, அங்கே இருந்த டி-பாரையே பிடுங்கி எடுத்துவிட்டார்கள். 1985இல் அந்த மலைக்கு மைல் உயரப் புகழ் கொண்டுவந்ததும் ஒரு டி-பார்தான்.

இந்தக் குளிர்காலத்தில் அங்கே போகிறவர்களுக்கு அடிவாரத்தில் இன்னும் ஒரு சின்னத் தேர்வு மிஞ்சியிருக்கிறது: ஊரிலிருந்து எந்தக் கொண்டோலாவில் முதலில் ஏறுவது? புதிதாகக் கற்பவர் விஸ்லர் கொண்டோலாவின் நடு நிலையத்தில் இறங்கிக்கொள்வது நல்லது. அங்கே மென்சரிவுகள் இருக்கின்றன. வேகமும் நேர்கோடும் பிடித்தவர் பிளாக்கோமுக்குப் போகட்டும். தை மாதக் குளிரில் வெயில் தேடுபவருக்கு அதன் தெற்குப் பார்த்த செவன்த் ஹெவன் சரிவு. வெளிச்சமான நாளில் பரந்த பனிவெளி வேண்டுமென்றால் விஸ்லரின் உச்சி. பலத்த காற்றடித்தால் மட்டும் பீக் டு பீக் நிறுத்தப்படும்; அன்றைக்கு 1980களைப் போலவே காலையில் எடுத்த முடிவோடு நாளை ஓட்ட வேண்டும். அத்தகைய நாளில் பெரும்பாலும் மேகம் உச்சிகளை மூடியிருக்கும், மரம் வளராத மேல்வெளியில் தரை எது வானம் எது என்றே தெரியாது. நானாக இருந்தால் உச்சியை மறந்துவிட்டு, பிளாக்கோமின் நடுமட்டத்தில் இருபுறமும் மரங்கள் நிற்கும் தடங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன்.